நெருப்பு இல்லாத சிகரெட்: கடையில் வைத்தால் கம்பி எண்ண வேண்டும்!

காஞ்சீபுரம் வியாபாரிகளே, பெற்றோர்களே உஷார்

காஞ்சீபுரம்,-

சிகரெட் விற்றால் குற்றம் இல்லை. பீடி விற்றால் குற்றம் இல்லை. ஆனால் நெருப்பே இல்லாமல் புகை விடும் "இ-சிகரெட்" ஒன்றே ஒன்றை விற்றாலும் ஓராண்டு வரை ஜெயிலுக்குப் போக நேரிடும்!

விற்றவர் மட்டும் அல்ல. விளம்பரம் செய்தவர், வண்டியில் ஏற்றி வந்தவர், தெரிந்தே சரக்கை அடுக்கி வைக்க இடம் கொடுத்தவர் எல்லோரும் இந்தச் சட்டத்தில் மாட்டுவார்கள்.

பஸ் நிலையத்துப் பெட்டிக்கடை, காந்தி ரோட்டு பேன்சி ஸ்டோர், செல்போன் ரிப்பேர் கடை, பார்சல் ஆபீஸ், வாடகைக்கு அறை விடும் வீட்டுக்காரர் என்று பலரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சட்டம் இது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பேனா போல

இ-சிகரெட்டைப் பார்த்தால் சிகரெட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சில பேனா போல இருக்கும். சில கம்ப்யூட்டரில் செருகும் பென்டிரைவ் போல இருக்கும். கலர் கலராக, குழந்தைகள் விளையாட்டுச் சாமான் போலவும் வருகின்றன.

"என்னடா அது சட்டைப் பையில?" என்று அம்மா கேட்டால், "ஹைலைட்டர் பேனாம்மா!" என்று மகன் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அம்மாவும் நம்பிவிடுவார்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு சின்ன பேட்டரி. ஒரு கம்பிச்சுருள். ஒரு குப்பியில் திரவம். வாயில் வைத்து இழுத்தால் பேட்டரி வேலை செய்து கம்பிச்சுருள் சூடாகும். திரவம் ஆவியாகி வாய்க்குள் போகும். புகை போல வெளியே வரும். இதைத்தான் இளைஞர்கள் "வேப் அடிப்பது" என்கிறார்கள்.

அந்தத் திரவத்தில் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் என்ற ரசாயனங்கள் இருக்கும். மாம்பழம், புதினா, ஸ்டிராபெர்ரி என்று வாசனை சேர்த்திருப்பார்கள். இவற்றோடு பெரும்பாலும் நிகோடினும் இருக்கும். புகையிலையை ஒருமுறை தொட்டவனை மறுபடி மறுபடி இழுக்கிற அதே நிகோடின்தான்!

தீக்குச்சி வேண்டாம். சாம்பல் கிடையாது. வாயில் பீடி நாற்றம் அடிக்காது. செல்போனுக்கு சார்ஜ் போடுவது போல இதற்கும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை தீர்ந்ததும் தூக்கி எறிகிற மாடலும் உண்டு.

சீன மருந்தாளர்

இப்போது உலகம் முழுவதும் பரவியிருக்கும் இந்தக் கருவியை உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீனாக்காரர். மருந்தாளர். அவரே பெரிய புகைபிடிப்பாளர். அவரது தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

சிகரெட்டை விடுவதற்கு ஒரு வழி தேடி 2003-ம் ஆண்டில் அவர் இதை உருவாக்கினார். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1963-ல், ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் புகையிலை இல்லாத, புகையாத சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். அது கடைக்கு வரவே இல்லை.

சிகரெட்டை விடுவதற்காக வந்த கருவி, சிகரெட்டையே தொடாத பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்குப் போனதுதான் பின்னால் நடந்த கதை.

அமெரிக்காவில் 2015-ல் "ஜூல்" என்ற பெயரில் பென்டிரைவ் போன்ற மாடல் வந்தது. அதன் ஒரு சின்னக் குப்பியில் ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்கு நிகோடின் இருப்பதாக அந்தக் கம்பெனியே சொன்னது. மூன்று, நான்கு ஆண்டுகளில் பள்ளிக்கூடக் கழிவறைகளில் எல்லாம் மாணவர்கள் இதை இழுக்கிறார்கள் என்று அமெரிக்கப் பெற்றோர் அலறும் நிலை வந்தது.

சட்டம் வந்தது எப்படி?

இந்தியாவில் பஞ்சாப், கர்நாடகம், கேரளம் போன்ற மாநிலங்கள் முதலில் தடை விதித்தன.

தமிழ்நாட்டில் தடை விதிக்கப்படும் என்று அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர் 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் சட்டசபையில் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணை வந்தது. தயாரிப்பு, விற்பனை, வினியோகம், விளம்பரம், இறக்குமதி எல்லாவற்றுக்கும் தடை.

இதே சமயத்தில் மத்திய அரசும் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. "இதை அனுமதிக்காதீர்கள்" என்று கேட்டுக்கொண்டது.

ஆனால் டெல்லியில் ஒரு சிக்கல் வந்தது. மருந்துகள் சட்டத்தை வைத்து இ-சிகரெட்டைத் தடுக்கப் பார்த்தது மத்திய அரசு. வியாபாரிகள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனார்கள். "மேலோட்டமாகப் பார்த்தால் இது மருந்து அல்ல" என்ற கருத்தில், 2019 மார்ச் மாதம் அந்தச் சுற்றறிக்கைக்கு ஐகோர்ட்டு தடை விதித்தது.

மருந்து என்றும் சொல்ல முடியவில்லை. உள்ளே புகையிலைத் தூள் இல்லாததால் சிகரெட் சட்டத்திலும் அடங்கவில்லை. ஆகவே தனிச் சட்டம் போட்டால்தான் முடியும் என்ற நிலை வந்தது.

2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முழுத் தடை வேண்டும் என்று அது கூறியது.

செப்டம்பர் 18-ந்தேதி மத்திய மந்திரிசபை கூடி முடிவு எடுத்தது. நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் நிருபர்களிடம் அதை அறிவித்தார். 400-க்கும் மேற்பட்ட பிராண்டுகள், 150-க்கும் மேற்பட்ட வாசனைகள் இருப்பதாகவும், அவற்றில் ஒன்றுகூட இந்தியாவில் தயாராகவில்லை என்றும் அவர் சொன்னார்.

முதலில் அவசரச் சட்டம் வந்தது. பிறகு பார்லிமெண்டில் மசோதா வந்தது. நவம்பர் 27-ந்தேதி லோக்சபாவிலும், டிசம்பர் 2-ந்தேதி ராஜ்யசபாவிலும் நிறைவேறியது. டிசம்பர் 5-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது.

எத்தனை ஆண்டு ஜெயில்?

தயாரித்தல், இறக்குமதி, ஏற்றுமதி, ஏற்றிச் செல்லுதல், விற்றல், வினியோகித்தல், விளம்பரம் செய்தல் ஆகியவை முக்கியக் குற்றங்கள். ஆன்லைன் விற்பனையும் விற்பனைதான்.

முதல் தடவை மாட்டினால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மறுபடியும் மாட்டினால் மூன்று ஆண்டு வரை ஜெயில். அதோடு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சரக்கை அடுக்கி வைக்க இடம் கொடுப்பது தனிக் குற்றம். இதற்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சோதனை போடும் அதிகாரம் சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்தில் இருந்து தொடங்குகிறது. வாரண்ட் இல்லாமலே உள்ளே வந்து சோதிக்கலாம். சரக்கைக் கைப்பற்றலாம். விற்பனை, கடத்தல் போன்ற குற்றங்களில் போலீசார் நேரடியாக வழக்குப் போடலாம்.

"உள்ளே நிகோடின் இல்லை, வெறும் வாசனைதான்" என்று சொல்லியும் தப்ப முடியாது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூடாக்கி ஆவியாக இழுக்க வைக்கிற கருவி என்றால் அது இ-சிகரெட்தான் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். மின்சார ஹூக்காவும் இதில் அடக்கம். மருந்துச் சட்டப்படி லைசென்ஸ் பெற்ற பொருட்களுக்கு மட்டும் விலக்கு.

சாதாரண ஹூக்காவுக்கு வேறு சட்டம். தமிழ்நாட்டில் ஹூக்கா பார்களுக்குத் தடை விதித்து 2022-ல் சட்டசபையில் திருத்த மசோதா நிறைவேறியது. ஜனாதிபதி ஒப்புதல் 2023-ல் கிடைத்தது.

இடம் கொடுத்தவரும் குற்றவாளி

காஞ்சீபுரத்துக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பிரிவு, இடம் கொடுப்பது பற்றியதுதான்.

இது பழைய ஊர். நீளநீளமான வீடுகள். முன்பக்கம் கடை, நடுவில் தறி, பின்கட்டில் ஒரு அறை வாடகைக்கு என்று எத்தனையோ வீடுகள். பட்டுக் கடைகளுக்கு சரக்கு வந்து போவதால் பார்சல் ஆபீஸ்களும் ஓயாமல் நடக்கின்றன.

"நாலு அட்டைப்பெட்டி வச்சுக்கறேன் அண்ணே, ரெண்டு நாள்ல எடுத்துடுவேன்" என்று தெரிந்த பையன் கேட்கிறான். "வச்சுக்கோப்பா" என்கிறார் வீட்டுக்காரர். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

தெரிந்தே இடம் கொடுத்தால்தான் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் போலீஸ் வந்து பெட்டியைப் பிரித்த பிறகு, "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்க வீட்டுக்காரர்தான் அலைய வேண்டியிருக்கும். வாடகை ஐந்நூறு வரும். வக்கீல் பீசு எவ்வளவு போகும்?

கம்பெனி பெயரில் நடந்த குற்றம் என்றால் அப்போது பொறுப்பில் இருந்தவர் பதில் சொல்ல வேண்டும். "பையன் வித்துட்டான், நான் கடையில் இல்லே" என்ற சாக்கு எளிதில் எடுபடாது.

'பத்து பீஸ் வச்சுப் பாருங்க'

தடை போட்ட பிறகும் இது எப்படி வருகிறது?

சீனாவில் தயாராகும் சரக்கு துபாய், சிங்கப்பூர் போன்ற ஊர்கள் வழியாக வருகிறது. கப்பல் பெட்டியிலும் வருகிறது. "குருவிகள்" என்று சொல்லப்படும் ஆட்கள் பெட்டியில் மறைத்தும் கொண்டு வருகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பலமுறை இ-சிகரெட்டுகளைக் கைப்பற்றி இருக்கிறார்கள்.

ஊருக்குள் வருவது வேறு வழி. பைக்கில் ஒரு பையன் வருவான். பை ஒன்று வைத்திருப்பான்.

"அண்ணே, பத்து பீஸ் வச்சுப் பாருங்க. போனா காசு. போகலேன்னா நானே திருப்பி எடுத்துக்கறேன்."

கேட்க நல்லாத்தான் இருக்கும். சிகரெட் பாக்கெட்டில் கடைக்காரருக்குக் கிடைப்பது சில ரூபாய். இதில் ஒரு பீசுக்கே நூறு, இருநூறு என்று ஆசை காட்டுவார்கள். பில் கிடையாது. எம்.ஆர்.பி. கிடையாது. கள்ளச் சரக்கு என்பதால் சொன்னதுதான் விலை.

ஆனால் மாட்டினால் அந்தப் பையன் வர மாட்டான். கடைக்காரர்தான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்!

செல்போனில் ரகசியக் குழு வைத்து வீட்டுக்கே டெலிவரி செய்கிறவர்களும் உண்டு. இணையத்தில் விளம்பரம் செய்த தளங்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2023-ல் நோட்டீஸ் அனுப்பியது. பொதுமக்கள் புகார் கொடுக்க தனி இணையதளமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது.

இழுத்தால் குற்றமா?

"விற்கிறவனுக்குத்தானே ஜெயில்? இழுக்கிறவனுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

2019 சட்டத்தில் "புகைப்பவருக்கு இத்தனை தண்டனை" என்று தனிப் பிரிவு கிடையாது. உண்மைதான்.

ஆனால் அதை நம்பி ஏமாந்துவிடக்கூடாது. வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் அது இறக்குமதி. நண்பனுக்குக் காசுக்குக் கொடுத்தால் அது விற்பனை. நாலு பேருக்குப் பங்கு போட்டால் வினியோகம். அறையில் அடுக்கி வைத்தால் சேமிப்பு. எந்த வடிவிலும், எந்த அளவிலும் வைத்திருக்கக்கூடாது என்பதே மத்திய சுகாதார அமைச்சகத்தின் நிலை.

நாட்டில் சட்டப்படி விற்கும் கடையே இல்லை. எனவே கையில் ஒன்று இருந்தால், அதை யாரோ ஒருவர் சட்டத்தை மீறித்தான் கொடுத்திருக்க வேண்டும். "யார் கொடுத்தது?" என்ற கேள்வி வந்தால், கல்லூரிப் பையன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி 1-ந்தேதி முதல் வைத்திருப்பதும், வாங்குவதும், இழுப்பதும் குற்றம். 2025 செப்டம்பர் 1-ந்தேதி முதல் கெடுபிடி அதிகமாகி இருக்கிறது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை வேப் திரவத்தில் கலந்து விற்றதே காரணம். ஆபரேஷனுக்கு முன் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து அது. அதை இப்போது போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். "அக்கா வீட்டுக்குத்தானே போறோம்" என்று பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் வம்புதான்.

சிகரெட் மட்டும் விற்கலாமா?

இந்தச் சட்டத்தைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

"கோடிக்கணக்கானவர்களைக் கொல்லும் சிகரெட்டும் பீடியும் முக்குக்கு முக்கு கிடைக்கிறது. அதை விட ஆபத்துக் குறைந்தது என்று சொல்லப்படும் பொருளுக்குத் தடையா? சிகரெட்டில் வரி வருகிறது. சிகரெட் கம்பெனியின் பங்குகளை அரசு இன்சூரன்ஸ் நிறுவனமே வைத்திருக்கிறது. அதனால்தானே?" என்பது அவர்கள் வாதம்.

இங்கிலாந்தை அவர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே புகைபிடிப்பதை விட விரும்பும் பெரியவர்களுக்கு இ-சிகரெட்டை அரசு சுகாதாரத் துறையே ஒரு வழியாகச் சொல்கிறது. சூயிங்கம், ஒட்டுத்துண்டு ஆகியவற்றை விட, நிகோடின் உள்ள இ-சிகரெட் மூலம் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்று உலகப் புகழ்பெற்ற காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது.

அரசுத் தரப்பு பதில் வேறு மாதிரி.

இந்தியாவில் 2016-17-ல் எடுத்த கணக்குப்படி 26 கோடிக்கும் அதிகமான பெரியவர்கள் புகையிலையை ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்தினார்கள். நூற்றுக்கு 28.6 பேர்! ஆனால் இ-சிகரெட் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 0.02 பேர் மட்டுமே.

அதாவது பத்தாயிரம் பேரில் இரண்டு பேர். "முளையிலேயே கிள்ளிவிட்டால் கிள்ளியதுதான். மரமான பிறகு வெட்ட முடியாது. சிகரெட்டில் அதைத்தான் பார்க்கிறோம்" என்பது தடையை ஆதரிப்பவர்கள் வாதம்.

சிகரெட்டுக்கும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. 2003-ம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக்கூடாது. பள்ளி, கல்லூரியில் இருந்து 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது. 2008 அக்டோபர் 2-ந்தேதி முதல் பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம்.

ஆனால் இந்தக் கட்டுப்பாடு எல்லாம் எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை, பஸ்சுக்குக் காத்து நிற்கிறவர்களே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தும் விழித்துக்கொண்டது

தாராளமாக அனுமதித்த நாடுகளும் இப்போது கயிற்றை இழுத்துப் பிடிக்கின்றன.

இங்கிலாந்தில் 2025 ஜூன் 1-ந்தேதி முதல், ஒருமுறை இழுத்துத் தூக்கி எறியும் வேப் விற்பனைக்குத் தடை. பிள்ளைகள் கையில் அதுதான் அதிகம் புழங்கியது. குப்பைத் தொட்டியில் பேட்டரி தீப்பிடிப்பதும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் மருந்துக்கடையில் மட்டும்தான் விற்கலாம்.

அமெரிக்காவில் 2019-ல் ஒரு பயங்கரம் நடந்தது. வேப் அடித்த இளைஞர்கள் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதாகவும், 68 பேர் இறந்ததாகவும் கணக்கு வந்தது. கஞ்சாச் சத்து கலந்த திரவத்தில், கெட்டியாக்குவதற்காகச் சேர்த்த வைட்டமின்-ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் கள்ளச் சந்தைச் சரக்கு!

இங்கேதான் நம் ஊருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தடை உள்ள நாட்டில் கிடைப்பது எல்லாமே கள்ளச் சந்தைச் சரக்குதான். குப்பியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கும் தெரியாது, இழுக்கிறவனுக்கும் தெரியாது. இங்கிலாந்தில் சோதனை செய்து விற்கும் பொருளுக்குச் சொன்ன நற்சான்று, பையில் வைத்து விற்கும் இந்தச் சரக்குக்குப் பொருந்தாது.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த கணக்குப்படி 34 நாடுகள் இ-சிகரெட் விற்பனையைத் தடை செய்திருந்தன. 88 நாடுகளில் எந்த வயதுப் பிள்ளையும் வாங்கலாம் என்ற நிலை!

குட்கா சொன்ன பாடம்

தடை போட்டால் மட்டும் போதுமா? குட்கா விஷயத்தைப் பார்த்தால் தெரியும்.

தமிழ்நாட்டில் குட்காவுக்கு முதலில் 2001-ல் தடை வந்தது. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பால் மாநிலங்களின் தடை நிற்கவில்லை. மறுபடி 2013 மே மாதம் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தடை. அதை ஆண்டுதோறும் நீட்டித்தார்கள். 2023 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏப்ரலில் அந்தத் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது.

இத்தனை ஆண்டு தடைக்குப் பிறகும் குட்கா மறைந்து போகவில்லை. சரம் சரமாகத் தொங்கியது போய், கேட்டால் கடைக்கு உள்ளே இருந்து வருகிற பொருளாக மாறியது. விலைதான் ஏறியது.

இ-சிகரெட் சட்டம் அப்படி ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்க வேண்டிய உத்தரவு அல்ல. பார்லிமெண்ட் போட்ட நிரந்தரச் சட்டம். அந்த வகையில் வலுவானது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் வலு கடைத்தெருவிலும் தெரிய வேண்டும்.

அண்ணாவின் ஊர்

புகையிலை செய்யும் கொடுமையை காஞ்சீபுரத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை.

இந்த ஊரில் பிறந்த பேரறிஞர் அண்ணாவுக்குப் புகையிலை போடும் பழக்கம் இருந்தது. 1967-ல் முதல்-அமைச்சர் ஆனார். அடுத்த ஆண்டே உணவுக்குழாயில் புற்றுநோய். 1968 செப்டம்பரில் நியூயார்க் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3-ந்தேதி காலமானார். வயது 59 தான். முதல்-அமைச்சர் நாற்காலியில் இருந்தது இரண்டு ஆண்டுகூட முழுதாக இல்லை.

அவர் பெயரிலேயே காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி நடக்கிறது. துணிப்பையும் ஸ்கேன் கவருமாக வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களை காஞ்சீபுரம் பஸ்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வெற்றிலையோடு புகையிலை, மூக்குப்பொடி, பீடி, சிகரெட், குட்கா என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெயரில் வந்தது நிகோடின். இந்தத் தலைமுறைக்கு ஸ்டிராபெர்ரி வாசனையோடு வருகிறது.

தறியும் வேப்பும்

குழித்தறியில் உட்கார்ந்த நெசவாளிக்குக் கையும் ஓயாது, காலும் ஓயாது. பீடி பிடிக்க வேண்டும் என்றால் எழுந்து திண்ணைக்கு வர வேண்டும். பட்டு நூலுக்கும் நெருப்புப் பொறிக்கும் ஆகாது. நெய்து முடித்த சேலையில் பீடி நாற்றம் ஏறினால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார்.

அப்படி எழுந்து வர வேண்டியிருப்பதே ஒரு கட்டுப்பாடு. பீடி ஒன்று தீர்ந்தால் முடிந்தது. மறுபடி தறியில் உட்கார வேண்டும்.

வேப் கருவிக்கு அந்த முடிவே கிடையாது. நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, பெரிய நாற்றம் இல்லை. படுக்கையிலும் இழுக்கலாம், பாத்ரூமிலும் இழுக்கலாம். எத்தனை இழுத்தோம் என்ற கணக்கே இருக்காது. நிகோடின் பழக்கம் இறுகுவது இதனால்தான்.

தறி வீட்டுப் பிள்ளைகளில் பலர் இப்போது தறிக்கு வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனிகளுக்கு பஸ் ஏறுகிறார்கள். இரவு ஷிப்ட், பல ஊர் நண்பர்கள், கையில் முதல் சம்பளம். புதுப் பழக்கம் நுழைவதற்கு இது போதும். ஒரு சேலைக்கு நாள் கணக்கில் கால் மிதித்த தகப்பனின் மகன், இரண்டு நாள் சம்பளத்தைப் புதினா வாசனைக்குக் கொடுத்துவிட்டு வரலாமா?

18, 20 வயதில் மூளை இன்னும் வளர்ந்து கொண்டிருக்கிறது. 25 வயது வரை அந்த வளர்ச்சி உண்டு என்கிறார்கள் டாக்டர்கள். அந்த வயதில் நிகோடின் பழகினால் கவனம், ஞாபகசக்தி பாதிக்கும். விடுவதும் கஷ்டம். வேப்பில் தொடங்கியவர்கள் பிறகு சிகரெட்டுக்குப் போவதும் உண்டு.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் ஆபத்து. இனிப்பு வாசனை அடிக்கும் குப்பியைக் குழந்தை வாயில் ஊற்றிக்கொண்டால் நிகோடின் விஷம் ஏறும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெற்றோர் கவனிக்க

பையனின் பையில் எழுதாத பேனா, எதற்கும் பொருந்தாத பென்டிரைவ், சின்னச் சின்னக் கலர் குப்பி இருக்கிறதா?

அறையில் பழ வாசனை, மிட்டாய் வாசனை அடிக்கிறதா? அடிக்கடி தண்ணீர் கேட்கிறானா? காரணம் இல்லாத வறட்டு இருமலா? எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறானா?

இவற்றில் ஒன்றை வைத்தே முடிவு கட்டிவிடக்கூடாது. நாலும் சேர்ந்தால் உட்கார வைத்துப் பேச வேண்டும். அடித்தால் மறைப்பான். "எப்பப்பா ஆரம்பிச்ச? யாரு குடுத்தா?" என்று நிதானமாகக் கேட்டால் சொல்லிவிடுவான்.

கடைக்காரர் கவனிக்க

பில் இல்லாமல் வரும் எந்தப் புகைக்கருவியையும் தொடக்கூடாது. "வேண்டாம் தம்பி" என்ற ஒரு வார்த்தை போதும்.

சட்டம் வருவதற்கு முன் வாங்கிய பழைய சரக்கு மூலையில் கிடந்தாலும் "அப்ப வாங்கினது" என்ற கதை செல்லாது. கையில் உள்ள சரக்கைப் பட்டியல் போட்டு, அதிகாரம் பெற்ற அதிகாரியின் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. தாமதம் செய்யாமல் வக்கீலைக் கேட்டுக்கொண்டு ஒப்படைப்பது நல்லது.

வாடகைக்கு இடம் கொடுப்பவர்கள் பெட்டியில் என்ன என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

விட நினைப்பவர்களுக்கு

புகையிலையையோ வேப்பையோ விட விரும்புகிறவர்களுக்கு மத்திய அரசின் இலவச டெலிபோன் உதவி இருக்கிறது. நம்பர்: 1800-11-2356. தமிழிலும் பேசலாம். 011-22901701 என்ற நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் செல்போனுக்கே ஆலோசனைக் குறுஞ்செய்திகள் வரும்.

நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சட்டப்படியே கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்தலாம்.

விட்ட முதல் சில நாட்களில் தலைவலி, எரிச்சல், தூக்கக் குறைவு இருக்கும். முதல் மூன்று நாள்தான் மிகவும் கஷ்டம். இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.